புது ஏர் ரைஃபிளில் ஆடிய முன் சைட்

என் ஏர் ரைஃபிளின் முன் சைட், அதாவது குழல் நுனியில் குறி பார்க்க நிற்கிற பாகம், இப்போது ஆடவில்லை. ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கியும் தீராத ஆட்டம், முடி கனத்துக்குப் பித்தளைத் தகடு ஒரு துண்டு உள்ளே போனதும் நின்றுவிட்டது. இதே மாதிரி சைட் வைத்த துப்பாக்கி வாங்கியவர்களுக்கு உதவும் என்று அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

துப்பாக்கி, பேரலை (குண்டு பாயும் குழலை) மடித்து லோடு செய்கிற சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. வாய், 20 ஜூலுக்குள் சக்தி. அதனால் லைசென்ஸ் வேண்டாத வகை. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் போட்டு வைக்கிற கொட்டகை நீளமானது. அதற்குள்ளேயே 10 மீட்டர் அளந்து, ஒரு கோடியில் நார்த்தூள் மூட்டையும் அதன் பின்னால் மணல் மூட்டையும் அடுக்கி, அட்டை மாட்டிச் சுடுகிறேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளியே தென்னையைப் பிடித்து ஆட்டினாலும் உள்ளே அட்டை அசையாது. துப்பாக்கியைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மயிலுக்குங்களா?" என்பதுதான். மயிலும் பன்றியும் வெள்ளாமையை என்ன பாடுபடுத்துகின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் மயிலைச் சுட்டால் வனத்துறை கேஸ். இது காகிதத்தைச் சுட மட்டும்.

வாங்கின புதிதில் நன்றாகத்தான் விழுந்தது. போகப் போக குண்டுகள் வலது பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. ஒதுங்கினால் யாராக இருந்தாலும் செய்வது ஒன்றுதான்: பின் சைட் திருகை இடது பக்கம் நாலு கிளிக் தள்ளுவது. குண்டு மறுபடி நடுவுக்கு வரும். அடுத்த வாரம் மறுபடி வலது. மறுபடி நாலு கிளிக். இப்படியே போய் பின் சைட் அதன் ஓட்டத்தின் இடது எல்லையில் போய் முட்டி நின்றது. புதுத் துப்பாக்கியில் பின் சைட் ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். எல்லைக்குப் போகிறது என்றால் கோளாறு அங்கே இல்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மரக்கட்டையைப் பிடித்திருக்கும் கட்டை ஸ்க்ரூக்கள். சுடும்போது பிஸ்டன் முன்னால் பாய்வதால் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதறலில் எந்த ஸ்க்ரூவும் மெல்லக் கழலும். முன் கட்டையில் இரண்டு பக்கமும் இருந்தவற்றில் ஒன்று கால் சுற்று ஏறியது. பேரல் மடியும் இடத்துப் போல்ட் கச்சிதமாக இருந்தது. பேரலை மூடி முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன், அங்கே ஆட்டம் இல்லை. குண்டு டப்பாவையும் மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை.

கடைசியில்தான் முன் சைட்டைப் பிடித்துத் திருகிப் பார்க்கத் தோன்றியது. கண்ணுக்கு அசைவது தெரியவில்லை, ஆனால் கட்டைவிரலுக்கு ஏதோ நழுவுவது போல ஒரு உணர்வு. நிச்சயப்படுத்த, ஊசிமுனை மார்க்கர் எடுத்து சைட்டின் அடிக்குழாயிலிருந்து பேரல் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தேன். கறுத்த பேரலில் கறுப்பு மை தெரியாது, வெள்ளி நிற மார்க்கர் வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்கச் சுட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கோடு ஒடிந்திருந்தது. குழாயில் இருந்த பாதி இடது பக்கம் நகர்ந்திருந்தது. எவ்வளவு? ஃபோனில் பெரிதாக்கிப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 0.2 மி.மீ. இருக்கும், கோட்டின் தடிமனைவிடக் குறைவு.

இதற்கா இவ்வளவு ஒதுங்கும் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. கணக்குப் போட்டேன். பேரல் விட்டம் ஏறக்குறைய 15 மி.மீ., அதாவது ஆரம் 7.5. சைட்டின் நடுக்குச்சியின் நுனி பேரல் மையத்திலிருந்து 20 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. பேரல் மேல்தளத்தில் 0.2 மி.மீ. சுழன்றால் குச்சி நுனியில் அது 0.5 மி.மீ.க்கு மேல். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 450 மி.மீ. 10 மீட்டர் தூரத்தில் அந்த அரை மி.மீ. ஏறக்குறைய 12 மி.மீ. ஆகிவிடும். நான் மாட்டுவது ஏர் பிஸ்டல் அட்டை, அதில் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். பத்தின் நடுவில் விழ வேண்டிய குண்டு ஒன்பதுக்குப் போய்விடும். திசையும் ஒத்துவந்தது. முன் சைட் இடது பக்கம் போனால், அதை நேர்படுத்திக் குறி வைக்கும்போது பேரல் வலது பக்கம் பார்க்கும்.

துப்பாக்கியை விற்ற இடத்தில் கேட்டேன். அனுப்பி வையுங்கள், பார்த்துத் தருகிறோம் என்றார்கள். போக வரக் கூரியர், எப்போது வரும் என்பதற்கு நிச்சயமில்லை. ஒரு ஸ்க்ரூ சமாசாரத்துக்கு அது வேண்டாம் என்று நானே கழற்றினேன்.

கழற்றும் முன்: பேரலை மடித்து உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, ஸ்பிரிங் ஏற்றப்படாத நிலையில் மூடி வைத்துவிட்டுத்தான் முனைப் பக்கம் கை வைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும்.

இந்தச் சைட்டின் அமைப்பு ரொம்ப எளிது. அலுமினிய வார்ப்பில் 40 மி.மீ. நீளக் குழாய் ஒன்று பேரல் நுனியில் செருகியிருக்கிறது. மேலே குச்சி, அதைச் சுற்றி வட்டமான மூடி. கீழே தலையில்லாத கிரப் ஸ்க்ரூ ஒன்றே ஒன்று, எம்4 அளவு, 2 மி.மீ. அலன் கீ. ஸ்க்ரூ பேரலை அழுத்துகிறது, குழாய் நிற்கிறது, அவ்வளவுதான். கழற்றினால் உள்ளே தாராளமாக எண்ணெய், குழாயின் உள்சுவரில் பெயின்ட் பிசிறு. ஸ்க்ரூவின் நுனி தட்டையாக இருந்தது, பேரலில் அது உட்கார்ந்த தடமே இல்லை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வது. பெட்ரோல் விட்டுத் துடைத்து, ஸ்க்ரூவில் நீல நிறத் திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிட்டேன். மறுபடி வெள்ளிக் கோடு, மறுபடி சுடுதல். கோடு மறுபடி ஒடிந்தது! ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தால் பாறை மாதிரி நிற்கிறது. திரெட்லாக்கர் தன் வேலையைச் செய்துவிட்டது. ஸ்க்ரூ கழலவே இல்லை, குழாய் மட்டும் ஸ்க்ரூவையும் இழுத்துக்கொண்டு பேரலைச் சுற்றிச் சறுக்குகிறது. நான் இதுவரை ஸ்க்ரூவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, குழாயை மட்டும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு கோவையில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா மகனிடம் போனேன். பேரல் நுனியை நானே வெர்னியரில் நாலு இடத்தில் அளந்து குறித்து எடுத்துப் போயிருந்தேன்: 14.96 மி.மீ. அண்ணன் குழாயின் உள்விட்டத்தை அளந்தார்: 15.14. கருவியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"ஏங்கண்ணு, துளையே லூசா இருக்குது. இதுல ஸ்க்ருவப் போட்டு முறுக்குனா எங்க நிக்கும்? ஒரு பக்கந்தான் ஒட்டும்."

0.18 மி.மீ. இடைவெளி. பம்பு மோட்டார் வேலை பார்ப்பவர்களுக்கு இது பூதாகாரமான எண். அப்படிப்பட்ட குழாயைக் கீழேயிருந்து ஒரு ஸ்க்ரூ தள்ளினால், குழாயின் மேல்சுவர் பேரலில் ஒரு கோட்டில் மட்டும் தொடும். கீழே ஸ்க்ரூ முனை, மேலே அந்தக் கோடு, மற்ற எல்லா இடமும் காற்று. எண்ணெயும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஏன் எப்போதும் இடது பக்கமே சுழல்கிறது? அண்ணன் துப்பாக்கியை எப்படி மடிப்பாய் என்று கேட்டார். காற்றில் பிடித்துக் காட்டினேன். என் கை தானாகப் போய்ப் பிடித்த இடம் முன் சைட். ஸ்பிரிங்கை ஏற்றும்போது அந்தக் குழாயைப் பிடித்துத்தான் இழுக்கிறேன், இழுக்கும்போது மணிக்கட்டு ஒரே பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறுக்கு. உதறல் பிடியைத் தளர்த்தியது, கை சைட்டைத் திருப்பியது.

பேரலில் சின்னதாக ஒரு குழி போட்டு, கூர்முனை ஸ்க்ரூவை அதில் உட்காரவைத்தால் என்ன என்று கேட்டேன். சுவர் 5 மி.மீ. கனம் இருக்கிறது, அரை மி.மீ. குழியால் பலம் குறையாது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உருண்டையான இடத்தில் கையால் டிரில் வைத்தால் முனை வழுக்கும், குழி கால் மி.மீ. தள்ளி விழுந்தால் ஸ்க்ரூ ஒவ்வொரு முறையும் சைட்டை அந்தத் தப்பான இடத்துக்கே இழுத்துப் போகும் என்றார். அதைத் திருத்தவும் முடியாது. அவர் சொன்ன வழி வேறு: இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு அடை, மிச்சத்தை பேரிங் கம் பார்த்துக்கொள்ளும்.

மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை. மோட்டாரின் முன் கவரில் பேரிங் உட்காரும் பள்ளம் தேய்ந்து, பேரிங்கின் வெளிவளையமே சுற்ற ஆரம்பித்தால், கவரை மாற்றாமல் ஒப்பேற்ற இந்தக் கம்தான். கோவையில் பேரிங் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு எண்கள் எனக்குக் காட்டினார்கள். 638 பலமானது, ஆனால் பிறகு பிரிக்க வேண்டுமென்றால் நன்றாகச் சூடு காட்ட வேண்டும். அலுமினியக் குழாயின் பெயின்ட்டும் பேரலின் கறுப்பும் அதற்குத் தாங்காது. 641 நடுத்தரம், பின்னால் கழற்ற வேண்டிய இடங்களுக்கென்றே உள்ளது. 641 வாங்கினேன். அதற்கு 0.1 மி.மீ.க்குள் இடைவெளி இருந்தால் நல்லது. அதனால்தான் ஷிம் அவசியம்.

ஷிம் என்றால் பித்தளைத் தகடு, 0.05 மி.மீ. கனம். பேரலைச் சுற்றி வந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.10 அடைபடும், மிச்சம் 0.08. கணக்கு சரி. வெட்டுவதுதான் வேலை. கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு சுருண்டு, அந்தச் சுருளே 0.05ஐவிடக் கனமாகிவிடும். கண்ணாடிப் பலகை மேல் வைத்து ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் லேசாக ஐந்தாறு தடவை கீறி ஒடிப்பதுதான் வழி. பேரல் சுற்றளவு 47 மி.மீ. வரும். நான் 42 நீளம், 36 அகலம் வெட்டினேன். அந்த 5 மி.மீ. இடைவெளி கீழ்ப்பக்கம் வரும், ஸ்க்ரூ தகட்டைக் குத்தாமல் நேராகப் பேரலைத் தொட.

தகட்டைப் பேரலில் சுற்றிக் குழாயை மேலே தள்ளினால் தகடு அப்பளம் மாதிரி மடங்கிக்கொண்டது. அந்தத் துண்டு போயிற்று. இரண்டாவதை 12 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டில் இறுகச் சுற்றி விட்டேன். சுருண்ட தகடு குழாய்க்குள் போனதும் விரிந்து உள்சுவரோடு தானே ஒட்டிக்கொள்கிறது. அதற்கு முன் குழாயின் வாய் விளிம்பை எண் 400 எமரி பேப்பரால் லேசாகச் சரித்துவிட்டு, உள்ளே இருந்த பெயின்ட்டையும் சுரண்டினேன். இப்போது கம் இல்லாமலே குழாய் பேரலில் இறுக்கமாக, தள்ளினால் மட்டும் நகர்கிற மாதிரி ஏறியது. அந்த இடத்திலேயே பாதி வேலை முடிந்தது என்று கைக்குத் தெரிந்தது.

அடுத்தது நிமிர்வு. குச்சி ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிவிட்டால் எல்லாம் வீண். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டைத்தான் பயன்படுத்தினேன். கொட்டகையின் மறுகோடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, அதன் முன்னால் கறுப்பு நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். ஆட்டம் நிற்க, குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட வேண்டும். துப்பாக்கியை மணல் மூட்டையில் கிடத்தி, பின் சைட்டின் தட்டையான மேல்விளிம்பில் பொடி ரசமட்டத்தை வைத்துச் சமன் பார்த்துக்கொண்டேன். பிறகு பின்னாலிருந்து பார்த்தால் குச்சியும் நூலும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இரண்டும் இணையாக வரும்வரை குழாயை விரலால் திருப்பினால் போதும். துல்லியம் ஆச்சரியமாக இருக்கிறது, இம்மி சாய்ந்தாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கம் போடும் முன் இதை ஓரிரு தடவை வெறுமனே செய்து பழகினேன். பித்தளை பட்டால் இந்தக் கம் சீக்கிரம் இறுகும், யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

துடைப்பதற்கு இம்முறை பெட்ரோல் இல்லை. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகிறது. அசிட்டோன் வாங்கி, வெள்ளைத் துணியில் அழுக்கு வராதவரை பேரல், தகடு, குழாய் மூன்றையும் துடைத்தேன். பேரல் வாயில் பஞ்சை உருட்டி அடைத்தேன், ஒரு சொட்டு உள்ளே போனாலும் வம்பு. கம்மைப் பேரல் மேல் மெல்லிய வளையமாக ஒன்று, தகட்டின் உட்பக்கம் ஒன்று. குழாயைக் கொஞ்சம் திருகித் திருகி ஏற்றினால் சீராகப் பரவும். பிதுங்கியதை உடனே துடைத்து, நூலைப் பார்த்து நிமிர்த்தி, ஸ்க்ரூவைப் போட்டேன். பழைய தட்டை முனை ஸ்க்ரூ இல்லை, நுனியில் கிண்ணம் போலக் குழிந்த எம்4 ஸ்க்ரூ, 6 மி.மீ. நீளம். அதன் விளிம்பு பேரலில் கடித்துக்கொள்ளும். அலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்து முறுக்கினால் போதும். நீளக் காலைப் பிடித்தால் அலுமினியத்தில் மரை போய்விடும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன்.

பிறகு பின் சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, வெள்ளிக் கோட்டைப் புதிதாக இழுத்துவிட்டுச் சுட்டேன். முதல் ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்குள், நடுவிலிருந்து லேசாக இடது. பின் சைட்டை இரண்டு கிளிக் வலது தள்ளினேன். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. ஐந்து குண்டுகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு 19 மி.மீ. வந்தது, ஒரு குண்டின் அகலம் 4.5ஐக் கழித்தால் 14.5. நான் உட்கார்ந்து மூட்டையில் சாய்த்துச் சுடுகிறவன், திறந்த சைட், வயசான கண். எனக்கு இது போதும். வெள்ளிக் கோடு இன்றைக்கும் ஒடியவில்லை. பேரலை மடிக்கும்போது சைட்டுக்கு நாலு விரல் பின்னால் பிடிக்கக் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

செலவு: பித்தளை ஷிம் தகடு 100 ரூபாய், அதில் இன்னும் பத்துத் துப்பாக்கிக்கு வரும். கம் சின்ன பாட்டில் 350. அசிட்டோன் 60. ஸ்க்ரூ கடையில் சில்லறை இல்லையென்று பத்து ரூபாய்க்கு ஒரு கை நிறையக் கொடுத்தார்கள். அண்ணன் காசு வாங்கவில்லை, இரண்டு இளநீர்க் குலை கேட்டார். முதலில் வாங்கிய நீலத் திரெட்லாக்கர் தனி, அது கட்டை ஸ்க்ரூக்களுக்குப் பயன்பட்டது.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் மாமா, தன்னிடம் இருக்கும் .32 ரிவால்வரின் முன் சைட்டும் லேசாக ஆடுகிறது, அதையும் பார்த்துவிடு மாப்பிள்ளை என்றார். மாட்டேன் மாமா என்று சொல்லிவிட்டேன். அது லைசென்ஸ் துப்பாக்கி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிற சாமான். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அதைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். வேலையும் வேறு. பல ரிவால்வர்களில் முன் சைட் இப்படிக் குழாயாகச் செருகியிருக்காது, பேரல் மேட்டில் வெட்டிய காடியில் ஒரு தகடு உட்கார்ந்து குறுக்கே பின் என்கிற சிறு ஆணி அடித்திருக்கும். அந்தப் பின்னைத் தட்டுவதற்குச் சரியான அளவு பஞ்ச் உளியும் தாங்குகட்டையும் இல்லாமல் சுத்தியல் எடுத்தால் பேரலில் வடு விழும். மாமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்குத்தான் அதைக் கொண்டுபோனார்.

மறுபடி செய்வதென்றால் ஷிம்மை இரண்டு துண்டாக வெட்டுவேன். ஏற்றுவது சுலபம். வெள்ளிக் கோட்டைத் துப்பாக்கி வாங்கிய அன்றே இழுத்துவிடுவேன், பின் சைட்டில் கை வைக்கும் முன். குச்சியைச் சுற்றியிருக்கும் வட்ட மூடி இன்னும் கிடுகிடுக்கிறது. அது வெளிச்சம் மறைக்க மட்டுமே, குறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டியிருக்கிறேன்.